வட்டா, பாக்குவெட்டி, பன்பாய்: வீட்டுச் சாமான்களை நீர்வர்ணத்தில் கீறுவது எப்படி?

கல்லடிக்காரி:

அம்மம்மாவின் சாமான்கள் கொஞ்சம் எங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒரு பித்தளை வெற்றிலை வட்டா (தண்டும் அடிப்பீடமும் வைத்த வெற்றிலைத் தட்டு), படிக்கம், கிளிமூக்குப் பிடி போட்ட பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், அப்புறம் சிவப்பும் ஊதாவும் கரை வைத்த ஒரு பன்பாய் (பன் புல்லில் பின்னியது), அதன் ஒரு மூலையை எலி கடித்திருக்கிறது. எல்லாம் அவவுக்குச் சீதனத்தோடு வந்தவை. நம் மட்டக்களப்புப் பக்கத்து வழக்கப்படி வீடு தங்கச்சி பெயரில் எழுதியாகிவிட்டது, வீட்டோடு இவையும் அவளுக்குத்தான். அவளோ டைல் போட்ட வீட்டில் இதையெல்லாம் எங்கே வைப்பது என்று கேட்கிறாள். பழைய இரும்பு எடுக்க ஸ்பீக்கர் போட்டுக்கொண்டு வருகிற லொறிக்காரர் வட்டாவைக் கையில் தூக்கிப் பார்த்து கிலோக் கணக்கில் விலையும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொடுத்துவிடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன், எத்தனை நாளைக்குக் கேட்பாளோ. அதற்குள் ஒவ்வொன்றையும் நீர்வர்ணத்தில் ஒழுங்காகக் கீறி வைக்க ஆசை.

நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரம் எடுத்தவள், முட்டியும் கத்தரிக்காயும் துணியும் வைத்துக் கீறிய பழக்கம்தான். மண் சட்டி வரும், பூசணிக்காய் வரும், பித்தளை மட்டும் வரமாட்டேன் என்கிறது. யெலோ ஓக்கர் (காவி மஞ்சள்) பூசினால் வட்டா மண்ணில் செய்த வட்டாவாகி விடுகிறது, நிழலுக்குக் கறுப்புக் கலந்தால் பச்சை அடிக்கிறது. கீறுவதற்கு முன் புளி போட்டு மினுக்குவதா, கறுத்துப்போய் இருக்கிறபடியே விடுவதா என்றும் தெரியவில்லை. பின்னால் ஜன்னல், திண்ணை, வேப்பமரம் எல்லாம் போடலாமா, வெள்ளைத் தாளில் சாமானை மட்டும் விடலாமா? பாயின் ஒவ்வொரு இழையையும் கீற வேண்டுமா? நினைத்தாலே தலை சுற்றுகிறது. தாளும் தண்ணீர் பட்டதும் அப்பளமாய் எழும்புகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரத்தாள்:

தங்கச்சி, பித்தளைக்குச் சரியான மஞ்சளைத் தேடுவதை முதலில் விடுங்கள். மினுக்கின உலோகம் தன்னைச் சுற்றி இருப்பதைத்தான் காட்டும், போகிற போக்கில் அதன்மேல் ஒரு மஞ்சள் சாயலை ஏற்றிவிடும். வட்டாவின் தண்டுக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள்: ஜன்னல் ஒரு மெல்லிய வெள்ளைக் கீற்றாக நிற்கும், அதை ஒட்டிக்கொண்டு கிட்டத்தட்டக் கறுப்பு, அதற்கு அடுத்துச் சீமெந்து நிலத்தின் நிறம், விளிம்பில் உங்கள் சட்டையின் நிறம்கூட இருக்கும். இந்த வெள்ளையும் இருட்டும் நடுவில் ஒன்றும் இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இடத்தைப் பார்த்துத்தான் கண் இதை உலோகம் என்று எடுத்துக்கொள்கிறது. வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டு போனால் எந்த நிறம் போட்டாலும் அது மண் சட்டிதான், ஏனென்றால் மண் சட்டி அப்படித்தான் வெளிச்சத்தை வாங்குகிறது.

ஆகவே பென்சிலால் வட்டாவின் வெளி உருவத்தை மட்டும் கீறி நிறுத்த வேண்டாம். உள்ளே தெரிகிற வெளிச்சத் துண்டு, இருட்டுத் துண்டு ஒவ்வொன்றுக்கும் மெல்லிதாக எல்லை போடுங்கள். மிக வெளிச்சமான துண்டுகளைத் தொடவே வேண்டாம், தாளின் வெள்ளைதான் உங்களிடம் இருக்கிற ஆகப் பெரிய வெளிச்சம், பிறகு வெள்ளை வர்ணம் வைத்து அதைத் திருப்பி எடுக்க முடியாது. முதல் பூச்சு ரோ சியன்னா (பழுப்பு மஞ்சள்), நன்றாகத் தண்ணீர் விட்டு. நன்றாகக் காய்ந்த பிறகு பேர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). கடைசியாக ஆழமான இருட்டுக்குப் பேர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரின் நீலமும் கெட்டியாகக் கலந்து, ஒரே தொடுகையில், ஓரம் கூராக. இடையில் தடவித் தடவித் திருத்தப் போனால் போச்சு. யெலோ ஓக்கர் ஒளி ஊடுருவாத வகை வர்ணம், ஒரு பூச்சுக்கு நல்லது, அதன்மேல் இன்னொன்றும் இன்னொன்றும் ஏற்றினால் சேறுதான்.

கறுப்பு கலந்தால் மஞ்சள் பச்சையாவது உங்கள் பிழை இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும். அந்தப் பச்சையை எறிய வேண்டாம். வட்டாவின் காலும் தட்டும் சேருகிற மூட்டில் களிம்பு பிடித்திருக்கும் பாருங்கள், அங்கே வையுங்கள்.

பாக்குவெட்டியின் இரும்புக்கும் அதே பேர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் கூட்டுத்தான், ஆனால் தண்ணியாக. அல்ட்ராமரின் தூள் தூளாகத் தாளின் குழிகளில் தங்கும் குணம் உள்ளது, கொஞ்சம் சொரசொரப்பான தாளில் விட்டால் துருப்பிடித்த இரும்பின் மேற்பரப்பை நீங்கள் கீறாமல் அதுவே கீறிவிடும்.

ஒன்று மறந்தேன். வட்டாவின் மேல் தட்டும் அடிப்பீடமும் இரண்டு நீள்வட்டங்கள். கண்மட்டத்துக்குக் கீழே போகப் போக நீள்வட்டம் அகலும், ஆகவே அடிப்பீடத்தின் வளைவு தட்டினுடையதை விடக் கொஞ்சம் உருண்டிருக்க வேண்டும். அடியை நேர்கோடாகக் கீறிப் பழகிய பள்ளிக்கூடக் கை இங்கேதான் மாட்டும். இரண்டு முனையும் கூராக வரவே கூடாது.

கச்சான்கொட்டை:

கோபிக்க வேண்டாம், சும்மா கேட்கிறேன். போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக் கூகுளில் ஏற்றி வைத்தால் ஐந்து நிமிட வேலை. ஒரு படிக்கத்துக்கு இத்தனை பாடா? அதுவும் துப்புகிற சாமான்.

நொச்சிமுனை:

துப்புகிற சாமான் என்பதால்தான் ஒருவரும் படம் எடுத்து வைக்கவில்லை, மச்சான்.

உங்கள் கேள்வி சரியானதுதான், இதே கேள்வியை அமெரிக்காவில் ஒரு அரசாங்கத் திட்டத்திலேயே கேட்டிருக்கிறார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இல்லாமல் போன ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்து வேலை செய்விக்க அங்கே ஒரு கூட்டாட்சிக் கலைத் திட்டம் இருந்தது. அதன் ஒரு பகுதியாக 1935 இல் இன்டெக்ஸ் ஒவ் அமெரிக்கன் டிசைன் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். குடியேற்றக் காலம் தொட்டு 19ஆம் நூற்றாண்டு முடிவு வரை சாதாரண வீடுகளிலும் கடைகளிலும் பாவித்த அலங்காரச் சாமான்களைத் தேடிப் போய் நீர்வர்ணத்தில் பதிவு செய்வதுதான் வேலை. ஒட்டுத்துணிப் போர்வை, கல்ஜாடி, பொம்மை, காற்றுத்திசை காட்டும் தகரச் சேவல், கலியாணப் பெண்ணுக்குக் கொடுக்கிற பூப்போட்ட பெட்டகம், இப்படி. 1942 இல் நிறுத்தும்போது 18,000க்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்துவிட்டன. அவை 1943 இலிருந்து வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. கலைக்கூடத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே இறக்கிப் பெரிதாக்கிப் பார்க்கலாம், கல்லடிக்காரி அக்கா அவசியம் பாருங்கள், உலோகச் சாமான்களாகத் தேடிப் பாருங்கள், ஈரத்தாள் மேலே சொன்ன வெள்ளையும் இருட்டும் அங்கே கண்ணுக்குத் தெரியும்.

அப்போது ஏன் கமரா வேண்டாம் என்றார்கள் என்றால், கலர் படம் எடுப்பது செலவு, நிறமும் நம்பிக்கையாக நிற்காது. இன்றைக்கு அந்தக் காரணம் இல்லை. ஆனால் வட்டாவைப் போனில் எடுத்துப் பாருங்கள், உங்கள் கையும் போனும்தான் வட்டாவுக்குள் தெரியும், மினுக்கம் பட்ட இடமெல்லாம் வெளிறிப் போகும். கீறுகிறவர் எதிலிருந்து வெளிச்சம் வர வேண்டும், எந்த நெளிவு தெரிய வேண்டும், எந்த மூட்டில் ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறது என்று பார்த்துத் தெரிந்தெடுக்கிறார். ஒரு சாமானை இரண்டு மணித்தியாலம் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் கிளிமூக்கின் ஒரு கண் மட்டும் தேய்ந்திருப்பது தெரியவரும், பெருவிரல் படுகிற பக்கம் எது என்பதும் அப்போதுதான் பிடிபடும். போன் படமும் எடுத்து வையுங்கள், அளவு சரிபார்க்க உதவும். ஒன்று மற்றதற்குப் பதில் ஆகாது என்பதுதான் என் எண்ணம்.

அந்த ஓவியர்களுக்குக் கற்றுக்கொடுத்த முறையும் சுவாரஸ்யமானது. பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த சூசான் சாப்மன் என்பவர் கற்றுக்கொடுத்தார், எகிப்தியத் தொல்பொருட்களை நீர்வர்ணத்தில் அச்சொட்டாகப் பதிகிற மரபிலிருந்து வந்த முறை அது. மெல்லிய பென்சில் கோடு, அதன்மேல் ஒளி ஊடுருவும் பூச்சுகள், பெரும்பாலும் வெறும் தாள்தான் பின்னணி, தரையில் நிழல் கொஞ்சம். தேய்வு, வெடிப்பு, ஒட்டுப்போட்ட தையல் எல்லாம் இருக்கிறபடி. ஆகவே அக்கா, ஜன்னலும் வேப்பமரமும் வேண்டாம். அது போட்டால் கலண்டர் படமாகிவிடும், பார்க்கிறவர் மரத்தைப் பார்ப்பார். எலி கடித்த மூலையைக் கட்டாயம் கீறுங்கள்.

ஒவ்வொரு படத்தோடும் அவர்கள் ஒரு தகவல் தாளும் வைத்தார்கள், சாமானின் அளவு, காலம், ஊர், யாரிடம் இருந்தது என்று. நம் பக்கத்துக்கு அது இன்னும் முக்கியம். 1978 சூறாவளியில் போனது கொஞ்சம், சண்டைக்குள் இடம்பெயர்ந்து ஓடும்போது விட்டுப் போனது கொஞ்சம், 2004 சுனாமியில் கடற்கரைப் பக்கம் வீட்டோடு போனது மிச்சம். மிஞ்சியதை எங்கே செய்தது, யார் கொண்டுவந்தது என்று சொல்லக்கூடியவர்கள் இப்போது எண்பது வயதில் இருக்கிறார்கள். படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முன்னால் ஊறி வரும்.

அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. அந்த மண்ணின் பூர்வகுடி மக்களின் பொருட்களை அவர்கள் சேர்க்கவே இல்லை. எதைப் பதிகிறோம் என்பதிலேயே ஒரு தெரிவு இருக்கிறது. இங்கேயும் குத்துவிளக்கைக் கீறாத ஆள் இல்லை. புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியை யார் கீறியிருக்கிறார்கள்? ஓலைக் கடகத்தை? பாக்கு இடிக்கிற சின்ன உரலை?

மருதமுனைத் தறி:

பாய்க்கு நான் வருகிறேன். எங்கள் மூத்தம்மா வீட்டிலும் இதே வட்டாதான், வட்டாவும் பாயும் தமிழர், முஸ்லிம் என்று நம் இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரித்தான் புழங்கின. காத்தான்குடி பூர்வீக நூதனசாலைக்குப் போனால் பழைய பாவனைச் சாமான்களை வரிசையாகப் பார்க்கலாம், பிள்ளைகளோடு போவதென்றால் ஸ்கெட்ச் புத்தகமும் கொண்டு போங்கள் தங்கச்சி.

இழை இழையாகக் கீற வேண்டாம், கண்ணும் போகும், படமும் போகும். எல்லா இழையையும் ஒரே அழுத்தத்தில் கீறினால் அது கணக்குக் கொப்பியின் கட்டம் மாதிரி வரும், பாய் வராது. முதலில் பாய் முழுவதற்கும் வைக்கோல் நிறத்தில் ஒரு தண்ணிப் பூச்சு, ஒரே சீராக இல்லாமல் அங்கங்கே கூடிக் குறைந்து இருக்கட்டும். காய்ந்த பிறகு கரைகளின் நிறம். அதன்பிறகு வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற ஒரு மூலையைத் தெரிந்தெடுத்து அங்கே மட்டும் இழை மேலே ஏறுவதையும் கீழே போவதையும் ஒவ்வொன்றாகச் சரியாகக் கீறுங்கள், அங்கிருந்து தள்ளிப் போகப் போக விட்டுவிடுங்கள். மிச்சத்தைப் பார்க்கிறவரின் கண் தானாகவே நெய்துகொள்ளும். எலி கடித்த இடம் உங்களுக்கு வாய்த்த இடம், அங்கேதான் இழையின் நுனி தெரியும், பன் எவ்வளவு தட்டையானது, எவ்வளவு தடிப்பு என்று அந்த நுனியைப் பார்த்தால்தான் விளங்கும்.

பாயைப் புரட்டியும் பாருங்கள். மேல் பக்கம் வெயிலில் சாயம் வெளிறியிருக்கும், கீழ்ப் பக்கத்தில் முதல் இருந்த சிவப்பு கிடைக்கும். இரண்டையும் ஓரத்தில் சின்னச் சின்னச் சதுரமாகப் பூசி வையுங்கள். அப்புறம் ஒரு எச்சரிக்கை, நீங்கள் பூசுகிற சிவப்பும் அந்தப் பாய் மாதிரியே வெளிறக்கூடும். பழைய அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் நிற்காது. மலிவுப் பெட்டிகளில் வருகிற ஊதாவும் ரோஸும் பலதும் அப்படித்தான். டியூபில் கினாக்ரிடோன் என்று போட்டிருக்கிற சிவப்பு வகை பொதுவாக நிற்கும். ஊதாவை அதோடு அல்ட்ராமரின் சேர்த்து நீங்களே கலந்துகொள்ளலாம்.

கேட்காததையும் சொல்கிறேன், வீட்டில் தறிச் சாறன் இருந்தால் அதையும் கீறுங்கள். அதற்கு நீர்வர்ணத்தைவிடப் பொருத்தமான ஒன்று கிடையாது. பாவு நூல் ஒரு நிறம், ஊடு நூல் ஒரு நிறம், இரண்டும் குறுக்கிடுகிற சதுரத்தில் மூன்றாவதாக ஒரு நிறம் தெரியும். நெடுக்குப் பட்டைகளை எல்லாம் முதலில் பூசிக் காயவிட்டு, அதன்மேல் குறுக்குப் பட்டைகளை ஒரே இழுப்பில் பூசினால் அந்த மூன்றாவது நிறம் தானாக வரும், கலக்கத் தேவையில்லை. தறியில் நடப்பதுதான் தாளிலும் நடக்கிறது. இதைக் கண்டபிறகு நான் பூச்செடி கீறுவதை விட்டுவிட்டேன்.

பெரியகல்லாறு:

மினுக்குவதா வேண்டாமா என்ற கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். மினுக்கத்தான் வேண்டும் பிள்ளை. வட்டா கறுத்துக் கிடந்தது இந்தப் பத்துப் பதினைந்து வருடம் ஒருவரும் எடுக்காததால். அம்மம்மா இருந்த காலத்தில் வைகாசியில் அம்மன் கோயில் குளுத்திச் சடங்குக்கு முன் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் திண்ணையில் கவிழ்த்து வைத்திருப்பா. அந்த வட்டாவைத்தானே கீற வேண்டும்?

நொச்சிமுனை:

ஐயா சொல்வது விளங்குகிறது, ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. ஒருமுறை தேய்த்தால் பழைய கறை திரும்பி வராது, தட்டின் ஓரத்தில் கொத்தியிருக்கிற பூவேலையின் குழிகளில் இருக்கிற கறுப்புத்தான் அந்தப் பூவைக் காட்டுகிறது. கறுத்த பித்தளையின் பளபளப்பு மட்டு, கீறப் பழகுகிறவருக்கு அது லேசும்கூட. முதலில் இருக்கிறபடி ஒன்று கீறட்டும், பிறகு மினுக்கி இன்னொன்று.

பெரியகல்லாறு:

சரி, அப்படியே செய்யட்டும். ஆனால் பிராசோ மாதிரிக் கடைப் பாலிஷ் வேண்டாம், புளி போதும்.

கல்லடிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஈரத்தாள் அண்ணா சொன்னபடி துண்டு துண்டாக எல்லை போட்டுக் கரண்டகத்தைக் கீறினேன், சின்னது என்பதால். இரவல் பித்தளை என்றாவது சொல்லலாம். மேசைக்கு மேல் டியூப் லைட்டைப் போட்டதும் எல்லாத் துண்டும் மாறிவிட்டது, பிறகு பகலில் ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தால் காலையில் பார்த்தது மதியத்தில் இல்லை. யூடியூப்பில் எல்லோரும் வடக்கு ஜன்னல் என்கிறார்கள், எங்கள் வீட்டில் வடக்கு ஜன்னல் இருக்கிறது, அதிலும் வெயில் அடிக்கிறதே? தாளுக்கும் ஒரு வழி சொல்லுங்கள். வர்ணப் பெட்டியைத் திறந்தால் வில்லைகளின் மேல் வெள்ளையாகப் பூஞ்சணம்.

ஈரத்தாள்:

வடக்கு ஜன்னல் பேச்சு ஐரோப்பாக்காரருடையது. அங்கே மதியச் சூரியன் வருடம் முழுக்கத் தெற்குப் பக்கமாகத்தான் நிற்கும், ஆகவே வடக்கால் வருகிற வெளிச்சம் கிட்டத்தட்ட நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும். மட்டக்களப்பு பூமத்திய ரேகைக்கு ஏழே முக்கால் பாகை அளவில்தான் வடக்கே இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரம் தொட்டு ஆகஸ்ட் முடியும்வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலுக்கு மாறுங்கள், செப்டெம்பர் பிறந்ததும் வடக்குக்குத் திரும்பலாம். எந்த ஜன்னலானாலும் மற்ற ஜன்னல்களைச் சாறனோ படுக்கைவிரிப்போ போட்டு மூடிவிடுங்கள், வெளிச்சம் ஒரே பக்கத்தால் வந்தால்தான் பித்தளைக்குள் துண்டுகள் குறையும், கீறலாம். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் உட்காருங்கள், சாமானின் அடியைச் சுற்றி மேசையில் பென்சிலால் அடையாளம் போட்டு வையுங்கள், யாராவது தூக்கி வைத்துவிட்டால் அதே இடத்தில் திருப்பி வைக்கலாம்.

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) தடிப்பில் வாங்குங்கள், பருத்தித் தாளாக இருந்தால் பூச்சுமேல் பூச்சு ஏற்றும்போது கீழே உள்ளது லேசில் கரையாது. விலை உறைக்கும், பெரும்பாலும் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டியும் வரும். பெரிய தாளை எட்டாக வெட்டினால் கரண்டகம், பாக்குவெட்டி எல்லாம் உண்மையான அளவிலேயே அதில் அடங்கும். அந்த அளவில் எழும்பவும் எழும்பாது. மெல்லிய தாள்தான் கையில் இருக்கிறது என்றால் நனைத்து, பலகையில் நாலு பக்கமும் பசைநாடா ஒட்டி இழுத்துக் காயவைத்த பிறகு கீறுங்கள்.

தாளை அலுமாரியில் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். மாரியில் ஈரம் ஏறித் தாளின் மேல் உள்ள பசைப்பூச்சைப் பூஞ்சணம் தின்றுவிடும். வாங்கும்போது ஒன்றும் தெரியாது, வர்ணம் பூசினால் அந்தப் புள்ளிகளில் மட்டும் ஒற்றுத்தாள் போல உறிஞ்சும், பிறகு அந்தத் தாளைக் காப்பாற்ற வழியில்லை. காற்றுப் புகாத பெட்டி, உள்ளே சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா பைகள், அவ்வளவும் போதும்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பூச்சு தூரிகையின் பின்னாலேயே காய்ந்துகொண்டு வரும், கூரான ஓரம் வேண்டிய பித்தளைக்கு அது வசதி. மார்கழி மழையில் அரை மணித்தியாலம் ஆனாலும் காயாது, பாய்க்கும் படிக்கத்தின் மங்கலான உட்பக்கத்துக்கும் அந்த நாட்களை வைத்துக்கொள்ளலாம்.

பூஞ்சணத்துக்குக் காரணம் வர்ணத்தில் இருக்கிற கருவேலம் பிசினும், சிலவற்றில் ஈரம் பிடித்து வைக்கச் சேர்க்கிற தேனும் கிளிசரினும். கீறி முடித்ததும் பெட்டியை உடனே மூடாமல் காற்றாடிக்குக் கீழே ஒரு இரவு திறந்து வையுங்கள். பூத்திருப்பதை ஈரப் பஞ்சால் துடைத்தெடுத்துவிட்டு ஒவ்வொரு வில்லையிலும் கராம்பு எண்ணெய் ஊசிமுனை அளவு தொட்டு வையுங்கள். கூட விட்டுவிடாதீர்கள், நான் அதைச் செய்து, இரண்டு மாதமாக எங்கள் அறையில் பல் டொக்டர் வீட்டு மணம்.

கச்சான்கொட்டை:

எங்கள் வீட்டிலும் ஒரு படிக்கம் இருக்கிறதாம், அம்மா இப்போதுதான் சொல்கிறா, அதில் கற்றாழை நட்டு வைத்திருக்கிறா. தூரிகை என்ன நம்பர் வாங்க வேண்டும்?

ஈரத்தாள்:

உருண்டை முனை 6 ஒன்று, 2 ஒன்று. கற்றாழையோடேயே கீறுங்கள் தம்பி.